நுனி சேராத முள்வாங்கி

யுத்தம் வந்து எங்கள் வீட்டில் முதலில் கெட்டுப்போன பொருள் முள்வாங்கிதான். அப்படித்தான் அம்மா சொன்னாள். அரிசியில் கல்லும் புழுவும் வந்ததும், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதும் அதற்கு அப்புறம் வந்தவை.

நாங்கள் அப்போது காட்டுப்பாக்கத்தில் இருந்தோம். பூந்தமல்லி ரோட்டிலிருந்து இறங்கும் மண்பாதையில் ஓலை வேய்ந்த வீடு. முன்னால் ஒரு முருங்கை மரம், பின்னால் பக்கத்து வீட்டாரோடு பொதுவாக ஒரு கிணறு. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு நிலத்தில் பங்கு உண்டு என்றாலும் அதை உழுது அனுபவித்தது பூந்தமல்லியில் இருந்த பெரியப்பாதான். நைனா பூந்தமல்லி மூங்கில் மண்டி ஒன்றில் வேலைக்குப் போனார். வண்டியில் வருகிற மூங்கிலை இறக்குவது, அளவு பார்த்து வெட்டுவது, பிளப்பது, சீவுவது என்று பொழுது விடிந்தால் பொழுது போனால் மூங்கில்தான்.

மற்ற மரங்களின் சிலாம்பு கையில் ஏறினால் கறுப்பாகத் தெரியும், பிடித்து இழுத்தால் வந்துவிடும். மூங்கில் அப்படியில்லை. அதன் சிலாம்பு தோலின் நிறத்திலேயே இருக்கும். ஊசி போல நேராக உள்ளே இறங்கும். அவசரப்பட்டு இழுத்தால் வெளியே தெரிகிற நுனி ஒடிந்து, மீதி உள்ளேயே தங்கிவிடும். அதற்குப் பொறுமையான கையும் நல்ல முள்வாங்கியும் வேண்டும். அம்மாவிடம் இரண்டும் இருந்தன.

சாயங்காலம் நைனா வந்து கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். அம்மா எதிரே ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய கையைத் தன் மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொள்வாள். முதலில் ஊசியால் தோலை லேசாக நீவி விடுவாள். பிறகு முள்வாங்கியின் நுனியை, சிலாம்பு எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் வைத்துப் பிடித்து, மெல்ல இழுப்பாள். வந்ததும் அதைத் தன் கட்டைவிரல் நகத்தில் ஒட்டி நைனாவுக்குக் காட்டுவாள். பகலில் அவர்கள் இருவரும் நின்று பேசிப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. அந்த நேரத்தில்தான், இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் பேசுவார்கள். பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதிலிருந்து எனக்குப் பாவாடை தைப்பதுவரை அந்த உள்ளங்கையைப் பார்த்தபடியேதான் பேசி முடிவாகும்.

ஒரு நாள் அம்மா முள்வாங்கியைப் படியில் வைத்துவிட்டு, இதற்கு நுனி சேரவில்லை என்றாள். அது அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்பு. பல வருஷம் உழைத்துத் தேய்ந்துதான் இருந்தது. நைனா அதைத் துணி துவைக்கும் கல்லில் தீட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். இரண்டொரு நாள் கழித்து அம்மா மறுபடியும் அதையே சொன்னாள். நைனா பூந்தமல்லிச் சந்தையில் புதிதாக ஒன்று வாங்கிவந்தார். அது தகரம் என்று அம்மா ஒதுக்கிவிட்டாள். அது உண்மையிலேயே தகரம்தான். அழுத்தினால் வளைந்தது.

அந்த வருஷம் ஆவடியில் பட்டாளத்துக்காரர்களுக்காக வரிசை வரிசையாகக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். பூந்தமல்லி மண்டிகளில் இருந்த மூங்கிலெல்லாம் லாரியில் ஏறி ஆவடிக்குப் போயின. நைனாவும் பல நாள் அந்த லாரியிலேயே போய் இறக்கிவிட்டு வருவார். வீடு திரும்ப இருட்டிவிடும். கைகளில் முன்னைவிட அதிகச் சிலாம்பு. அம்மா விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருப்பாள். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலக்கிறான் கடைக்காரன், விளக்கு எரியவே இல்லை என்பாள். எனக்கு விளக்கு நன்றாக எரிவதாகத்தான் தெரிந்தது. ஆனால் அம்மா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று, விளக்கை இன்னும் உற்றுப் பார்த்தேன். உற்றுப் பார்த்தால் அது மங்கலாகத்தான் தெரிந்தது.

அந்த நாட்களில் அம்மாவிடம் சில புதுப் பழக்கங்கள் வந்திருந்தன. லோட்டாவில் தண்ணீர் ஊற்றும்போது விளிம்புக்குள் விரலை விட்டுக்கொண்டு ஊற்றுவாள். வாசலில் யாராவது வந்து நின்றால் அவர்கள் வாயைத் திறக்கும்வரை பேசாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். அரிசியில் கல் பொறுக்கும் வேலை எனக்கு வந்தது. கோலம் போடும் வேலையும் எனக்கு வந்தது. நான் பெரியவளாகிவிட்டேன், அதனால்தான் அம்மா எனக்குப் பொறுப்புக் கொடுக்கிறாள் என்று எனக்குள் பெருமை. அவளைப் போலவே நானும் லோட்டாவுக்குள் விரலை விட்டு ஊற்றிப் பார்த்தேன். அம்மா அதைப் பார்க்கவில்லை. நைனா பார்த்தார். அதட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விட்டார்.

பூந்தமல்லியில் ஒரு தட்டாரிடம் நைனா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் சாமணம் என்கிற சின்ன முள்வாங்கி எதையும் பிடிக்கும் என்று மண்டியில் யாரோ சொல்லியிருந்தார்கள். தட்டார் தம்மிடம் இருந்த ஒன்றை எடுத்து, தட்டில் கிடந்த பொன்கம்பியின் துணுக்கு ஒன்றை அதால் தூக்கிக் காட்டினார். தலைமயிரைவிட மெல்லிய துணுக்கு. அதைத் தூக்கி, விட்டு, மறுபடி தூக்கினார். நைனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அதை வாங்கிக்கொண்டு அவர் அன்று சீக்கிரமே என்னோடு வீடு திரும்பியதால் வெளிச்சம் இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து கையை நீட்டினார். அம்மா சாமணத்தை வாங்கி, குனிந்து, சிலாம்பு இருந்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, வெறும் தோலைப் பிடித்து இழுத்தாள். நைனா கையை அசைக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார். ஈயை விரட்டுகிறார் என்று நினைத்தேன். அம்மா இன்னும் இரண்டு மூன்று தரம் பிடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுவும் அதே மாரிதான் கீது. நுனி சேர்ல" என்றாள்.

நைனா சாமணத்தை வாங்கி வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "ஆமாமே. சேர்லதான்" என்றார். தட்டார் நம்மை ஏமாற்றிவிட்டார் என்றும் சொன்னார். அதற்கப்புறம் அந்தத் தட்டார் தெருப்பக்கம் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

அம்மா ஏன் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் பெரியப்பா வீட்டில் இருந்தது. பெரியம்மாவுக்கு ஒரு நாள் திடீரென்று ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. அடுத்த அறுப்புக்குள் பெரியப்பா வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். யாரும் அதைத் தப்பென்று சொன்னதாக நினைவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டுமே என்றார்கள். பெரியம்மாவை மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் போட்டிருந்தார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவளுக்குத் தலை வாரிவிட்டு, புடவை மாற்றிவிட்டு வருவாள். புதிதாக வந்தவள் கெட்டவள் அல்ல. எனக்குக் கடலை உருண்டை கொடுப்பாள். அதனால் அந்த வீட்டுக்குப் போவது எனக்குப் பிடிக்கும். திரும்பி வரும்போது அம்மா வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். வரவர அந்தப் பிடி இறுகிக்கொண்டு வந்தது.

ஒருநாள் அம்மாவே சொன்னாள், சீமையில் செய்த முள்வாங்கி இருந்தால் தேவலை, டாக்டர்கள் வைத்துக்கொண்டிருப்பார்களே அந்த மாதிரி, அது மட்டும் கிடைத்துவிட்டால் ஒரு சிலாம்பைக்கூட விடமாட்டேன் என்று. நைனா சரி என்றார். மறுவாரமே லீவு கேட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் அடுப்புப்போல் ஒன்றைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து ஓட்டுவார்கள். அது மேடு ஏறும்போதெல்லாம் நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். நைனாவும் தள்ளினார். எனக்கு அது திருவிழாவாக இருந்தது.

சைனா பஜார் பக்கம் ஒரு சந்தில் அந்தக் கடை. கண்ணாடி அலமாரிக்குள் கத்திரிகள், ஊசிகள், ரப்பர் குழாய்கள். தாடி வைத்த சாயபு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சரக்கெல்லாம் யுத்தத்துக்கு முன்னால் வந்தது, இனிமேல் கப்பல் வராது என்றார். மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து முள்வாங்கிகளை வரிசையாக வைத்தார். பட்டை நுனி உள்ளது புருவம் திருத்துகிறவர்களுக்கு. பல் வைத்தது புண் தைக்கிறவர்களுக்கு. சிலாம்புக்குக் கூர் நுனிதான் வேண்டும் என்று சொல்லி, அவற்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றை எடுத்து வைத்தார். பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது என்றார். மெல்ல அழுத்தினால் நுனிதான் முதலில் முட்ட வேண்டும், நடுப்பகுதி முட்டக் கூடாது. பலமாக அழுத்தினால் நுனி பிளந்துகொள்ளவோ ஒன்றையொன்று தாண்டிப் போகவோ கூடாது. விட்டவுடன் தானாக விரிய வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிய, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று செய்தும் காட்டினார்.

அம்மா வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். நுனியைக் கீழுதட்டில் வைத்து லேசாக ஓட்டிப் பார்த்தாள். காதருகே கொண்டுபோய் அழுத்தி, விட்டு, அழுத்தினாள். காதோரம் இருந்த மயிரிழை ஒன்றைப் பிடுங்கி, அதை முள்வாங்கியால் கவ்வி, மறுகையால் இழுத்து, வழுக்குகிறதா என்று பார்த்தாள். அவ்வளவு நேரமும் அவள் முகம் கடைச்சுவரைப் பார்த்திருந்தது. சாயபு மிக நன்றாக இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்த ஒன்றை, ஒரு நுனி தாண்டுகிறது என்று திருப்பி வைத்தாள். அவர் நம்பாமல் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அதை அலமாரிக்குள் வைத்தார். கடைசியில் அம்மா ஒன்றை எடுத்து, உதட்டிலிருந்து எடுக்காமலே, இது என்றாள்.

சாயபு நைனாவைப் பார்த்துச் சிரித்தார். "எத்தினியோ டாக்டருங்க வந்து வாங்கிகினு போறாங்க. இந்த மாரி பொறுக்கி எடுத்தவங்க யாரும் இல்ல. உங்க ஊட்டம்மாவுக்கு கண்ணு ரொம்ப கூர்மை, அண்ணாத்தே."

நைனா ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். தூரத்தில் டிராம் மணி அடித்தது. எனக்குப் போலவே அவருக்கும் டிராம் பார்க்க ஆசை என்று நினைத்து, நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

அம்மா முள்வாங்கியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளியே வந்ததும் நைனா, தமக்கு ஒரு வாரமாகக் கண்ணில் நீர் வடிகிறது என்றார். இங்கே கண்ணுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறதாம், காட்டிவிட்டுப் போகலாம், கூட வந்தவர்களுக்கும் சும்மாவே பார்ப்பார்களாம் என்றார். அம்மா நின்றுவிட்டாள். என் தோளில் இருந்த கை அப்படியே கெட்டியாயிற்று.

"உங்க கண்ணுக்கு ஒன்னும் இல்ல. பஸ்சு போய்டும்" என்றாள்.

நைனா வற்புறுத்தவில்லை. எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, அந்த முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கப்புறம் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன்.

சீமை முள்வாங்கி வந்தபிறகு எங்கள் வீட்டில் நுனி சேரவில்லை என்ற பேச்சே எழவில்லை. சாயங்காலம் நைனா கையை நீட்டுவார். அம்மா விரல் நுனியால் தடவித் தடவித் தேடுவாள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சிலாம்பென்றால் சில சமயம் அகப்பட்டுவிடும். அகப்படாதபோது, அவள் முள்வாங்கியை வைத்து இழுத்த மாத்திரத்தில் நைனா, "வந்துட்சு" என்பார். அவள் அடுத்ததைத் தேடுவாள். அதுவும் வந்துவிடும்.

ஒரு விடியற்காலையில் நான் கிணற்றடிக்குப் போனபோது நைனா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, ஒரு கருவேல முள்ளால் தம் இடது உள்ளங்கையைக் கிளறிக்கொண்டிருந்தார். ரத்தம் வந்திருந்தது. முதல் நாள் இரவு அம்மா எடுத்துவிட்ட இடம்தான் அது. அதைச் சொன்னேன். "இது வேற, கண்ணு. இது புதுசு" என்றார். பொழுது விடிவதற்குள் புதுச் சிலாம்பு எப்படி ஏறியது என்று நான் கேட்கவில்லை. நைனா கைக்கு எந்த நேரமும் சிலாம்பு ஏறும் என்று எடுத்துக்கொண்டேன்.

இடது கையில் ஏறியதை அவர் வலது கையால் எடுத்துக்கொள்ள முடிந்தது.

ஐப்பசி மழையில் ஆவடிக்குப் போன லாரியிலிருந்து ஈர மூங்கில் கட்டு சரிந்தபோது நைனா அதை வலது கையால் தாங்கிப் பிடித்தாராம். கட்டைவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடத்தில் ஒரு சிலாம்பு ஆழமாக இறங்கிவிட்டது. அன்று சாயங்காலம் அதன் நுனி தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் விரலுக்கு அது தட்டுப்பட்டுவிட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்வாங்கியை வைத்து இழுத்தாள். நெல்லைவிட நீளமாக ஒன்று வந்தது. அதை என் கையில் வைத்து, எவ்வளவு பெரியது பார் என்றாள். பார்த்தேன். அதன் ஒரு முனை கூராக இருந்தது. மறுமுனை பிய்ந்து நாராக இருந்தது. நைனாவும் பார்த்தார்.

"முழுசா வந்துட்சா?" என்று அம்மா கேட்டாள்.

நைனா அவள் முகத்தைப் பார்த்தார். "வந்துட்சுமே. சுத்தமா வந்துட்சு."

அன்று இரவு சாப்பாட்டுக்கு அம்மா அப்பளம் பொரித்தாள். விசேஷம் எதுவும் இல்லாமல் எங்கள் வீட்டில் அப்பளம் பொரித்ததில்லை. பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நைனா இடது கையால் முழங்காலைத் தட்டித் தாளம் போட்டார்.

இரண்டு நாளில் கை வீங்கியது. மண்டியில் யாரிடமாவது காட்டி எடுத்திருக்கலாம். காட்டினாரா, எடுக்கப் பார்த்து முடியாமல் போனதா, எனக்குத் தெரியாது. சீழ் வைத்தால் தானே வெளியே வந்துவிடும் என்று இருந்துவிட்டதாகப் பிற்காலத்தில் ஒரே ஒரு தடவை சொன்னார். கையில் பச்சிலை வைத்துத் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். அடி பட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். அவள் தொட்டுப் பார்த்து, ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று கேட்டதற்கு, வெயிலில் வந்தேன் என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு நாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. பூந்தமல்லி டாக்டர் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் பட்டணத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். மண்டிக்காரர் லாரி கொடுத்தார். அம்மா நைனாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். லாரியில் அதுதான் எனக்கு முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் கையைக் கீறினார்கள். டாக்டர் ஒரு பீங்கான் தட்டைக் கொண்டுவந்து, உள்ளே ஒடிந்து நின்ற மூங்கில் இது, பல நாளாக இருந்திருக்கிறது, யாருமே எடுக்கப் பார்க்கவில்லையா என்று கேட்டார். நைனா தாம் கவனிக்கவில்லை என்றார். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தட்டில் இருந்தது எவ்வளவு நீளம் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அன்று வந்ததைவிட நீளம் என்றேன்.

கீறியும் விஷம் இறங்கவில்லை. மறுநாள் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். எடுத்திராவிட்டால் ஆளே இருந்திருக்கமாட்டார் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

காய்ச்சல் விட்டு நைனா கண்ணைத் திறந்து பேசிய அன்று மத்தியானம், அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் கட்டிலின்மேல் அவர் காலடியில் இருந்தேன். அம்மா சொன்னாள், "எனக்கு கண்ணு தெரில."

"தெரியும்" என்றார் நைனா.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"தட்டாராண்ட சாமணம் வாங்கியாந்தேனே, அன்னிக்கே."

அம்மா அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அப்பால எதுக்கு பட்டணத்துக்கு இட்டுகினு போன?"

"நீ கேட்டியே."

அம்மா நைனாவை ஒருமையில் பேசி நான் கேட்டது அன்றுதான். அதைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் கவனிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். பெரியம்மாவைப் போலத் தன்னையும் ஒரு மூலையில் உட்காரவைத்துவிடுவார் என்று பயந்ததாக அம்மா சொன்னாள். நைனா அதுவும் தெரியும் என்றார். சொன்னால் நீ பயப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றார்.

"ஒரு வார்த்த" என்றாள் அம்மா. அவள் குரல் உயரவே இல்லை. "வர்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தின்னா, கை இருந்திருக்கும்."

நைனா கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அம்மாவும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவர் திருப்பிச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்ததும் ஊருக்குப் போகும் வழியில் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டினோம். இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை. அவர் விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பின்னாலிருக்கிற நரம்பு பட்டுப்போய்விட்டது, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இருக்கிற பார்வையையாவது நிறுத்திவைத்திருக்கலாம் என்றார். அம்மா அவரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். கதவு இருந்த பக்கம் போகாமல் ஜன்னல் பக்கம் நடந்தாள். நைனா இடது கையால் அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். அவள் அந்தக் கையை உதறிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

பெரியப்பா ஒரு நாள் வீட்டுக்கு வந்து, இனிமேல் இந்த வீடு எப்படி நடக்கும், சமைத்துப்போட ஒருத்தி வேண்டாமா என்று ஆரம்பித்தார். நைனா, என் வீட்டில் சமைக்க ஆள் இருக்கிறது என்று சொல்லி, அவருக்கு மோர் கொண்டுவரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா லோட்டாவுக்குள் விரலை விட்டு ஊற்றிக் கொண்டுவந்தாள். பெரியப்பா அதைப் பார்த்தார். நைனா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மோரைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். அந்தப் பேச்சு மறுபடி எழவில்லை.

அம்மாவின் பயம் அத்தோடு போயிருக்க வேண்டும். அவளை யாரும் மூலையில் உட்காரவைக்கப் போவதில்லை. இனிமேல் ஒளித்து வைக்கவும் ஒன்றும் இல்லை. அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ நைனாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். மார்கழி போய்த் தை வந்தும் பேசவில்லை. என்னிடம் சொல்லி அவரிடம் சொல்லச் சொல்வாள். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் நான் திரும்பி அதையே சொல்வேன். ஒருவர் தப்புச் செய்து மற்றவர் மன்னித்துவிட்டால், மன்னிக்கப்பட்டவர் எதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஆனால் சாப்பாட்டு வேளையில் அவள்தான் ஊட்டினாள். நைனாவுக்கு இடது கையால் சாப்பிட மனம் வரவில்லை. அம்மா சோற்றைப் பிசைந்து உருட்டி, மறுகையால் அவர் முகவாயைத் தடவிக் கண்டுபிடித்து, வாயில் கொடுப்பாள். சில சமயம் அது மீசையில் அப்பும். அவர் துடைத்துக்கொள்ளாமல் வாயைத் திறந்தபடி அடுத்த உருண்டைக்குக் காத்திருப்பார். இருவர் கண்ணிலும் நீர் நிற்கும். குழம்பில் காரம் அதிகமாகிவிட்டது என்று நான் அம்மாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் காரத்தைக் குறைத்தாள்.

நைனா அதே மண்டியில் காவலுக்குப் போக ஆரம்பித்தது ரொம்ப நாள் கழித்துத்தான். அதுவரை, அந்த மாதங்கள் முழுவதும், அவர் வீட்டிலேயே இருந்தார். முருங்கை நிழலில் உட்கார்ந்து நான் தாயம் ஆடுவதைப் பார்ப்பார். என்னைக் குளத்துக்குக் கூட்டிப்போவார். நான் பிறந்ததிலிருந்து பகல் வெளிச்சத்தில் அவரை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதையில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, எங்கள் நைனா இனிமேல் மூங்கிலுக்குப் போகமாட்டார், எப்போதும் எங்களோடுதான் இருப்பார் என்று சொன்னேன். அவர்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட ஏன் என்னோடு சேர்ந்து சந்தோஷப்படவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.